லேஸா, மோனோவா, ஸ்கின்னா?

“நல்லா இழுத்துப் பாருங்க சார். ஒரு முடி கையோட வந்துட்டாலும் கடையை மூடிடறேன்.”

கணக்கு வாத்தியார் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வராததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் மூன்று விக் துண்டுகள் கிடந்தன. மூன்றிலும் மேலே இருக்கிற முடி ஒன்றுதான். அடியில் தலையோடு ஒட்டுகிற பேஸ்தான் வேறு வேறு. கொசுவலையைவிட மெல்லியதாக இருந்தது லேஸ். கொஞ்சம் கெட்டியான வலை மோனோ. வழவழவென்று பிளாஸ்டிக் தாள் போல இருந்ததற்கு ஸ்கின் என்று பெயர்.

ஸ்கின்னைத் தொடவே வாத்தியாருக்குக் கை கூசியது. போன முறை வேறொரு கடையில், “இதுதான் சார் உழைக்கும்” என்று அதைத்தான் அவர் தலையில் கட்டினார்கள். பத்தாம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேங்கிய வியர்வையில் பசை இளகி, மொத்தமும் வழுக்கிக் காதோரம் வந்து நின்றது. நாற்பது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. அன்றைக்குப் போட்ட இரண்டு மாத விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை அதே வகுப்புக்குள் நுழைய வேண்டும். இன்னொரு முறை அப்படி நடந்தால் வேலையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

“தனியாப் போய் மறுபடி ஏமாந்துட்டு வராதே. அத்தானைக் கூட்டிட்டுப் போ” என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றதால், இந்த முறை துணைக்கு அத்தான் வந்திருந்தார். நெற்றியில் புரளும் சுருள்முடிக்காரர். கூட வந்த மனிதர் ஒரு வார்த்தை பேச வேண்டாமா? வந்ததிலிருந்து மூலை நாற்காலியில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு நான் லேஸ்தான் சார் சொல்வேன்” என்றார் கடைக்காரர். “காத்து உள்ள போய் வரும். வியர்வை தேங்காது. ஆனா மத்ததைவிடச் சீக்கிரம் கிழியும். அதையும் முன்கூட்டியே சொல்லிடறேன்.”

“கிழியும்னு தெரிஞ்சே விக்கிறீங்களா?”

“லேஸே எடுத்துக்கோ மச்சான்” என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை கழட்டிச் சுத்தம் பண்ணி ஒட்டினாப் போதும். முன்பக்கம் மட்டும் பார்த்து வாரணும்.”

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. இவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தார். இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. ஆனால் அத்தான் யாரிடமும் வழி கேட்காமல் விறுவிறுவென்று மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். டீ வந்தபோது கடைக்காரர், “சர்க்கரை போடலாமா?” என்று வாத்தியாரிடம் மட்டும்தான் கேட்டார். அத்தானுக்குக் கேட்காமலே சர்க்கரையில்லாத டீ வந்தது. அத்தான் சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது என்பது இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

“நீங்க சொல்ற இந்த லேஸைப் போட்டிருக்கிற ஒரு ஆளைக் காட்டுங்க பார்க்கலாம்” என்றார் வாத்தியார்.

கடைக்காரர் தயங்கினார். “ஒருத்தர் இருக்கார். ஏழு வருஷமா லேஸ்தான். பேரைச் சொல்ல மாட்டேன் சார், தொழில் தர்மம். கட்டின பொண்டாட்டிக்கே தெரியாது, அவ்வளவு கச்சிதம்.”

செய்தித்தாள் சரசரத்தது.

“எல்லாக் கடையிலயும் பேர் சொல்லாத ஒருத்தர் இருக்கார்” என்று எழுந்தே விட்டார் வாத்தியார். “அத்தான், நேராவே கேக்கறேன். என்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு இங்க உங்களுக்கு என்ன கமிஷன்?”

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தாழிட்டார். விளக்கடியில் வந்து நின்று தலையைக் குனிந்தார். நெற்றியோரம் நகத்தை வைத்து லேசாக நெம்பினார்.

“பிச்சிடாதீங்க சார்” என்று பதறி ஓடி வந்தார் கடைக்காரர். “போன சனிக்கிழமைதானே ஒட்டினேன்.”

வாத்தியார் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே இதான்” என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி. “நீ மறுபடி அசிங்கப்படக் கூடாதேன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். உங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம். ஏழு வருஷமா ஏமாத்திட்டேன்னு அவ மனசு ஒடிஞ்சு போயிடுவா.”

“மன்னிச்சிடுங்க அத்தான்” என்றார் வாத்தியார். சந்தேகப்பட்டதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. லேஸ் துண்டை எடுத்துக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார். “இதையே போடுங்க.”

அதற்குள் வாத்தியாரின் கைபேசி அடித்தது. அக்கா. பெயரைப் பார்த்ததும் அத்தான் உதட்டில் விரலை வைத்துக் கண்ணாலேயே கெஞ்சினார். வாத்தியார் தலையாட்டிவிட்டு ஜன்னல் ஓரமாகப் போனார்.

“என்னடா, லேஸ்தானே எடுத்த?” என்றாள் அக்கா.

“லேஸா? அதெல்லாம் உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஏழு வருஷமா தலையணை உறையில அந்தப் பசையைச் சுரண்டறவ நான்தானேடா. தெரிஞ்சுதான் அவரைத் துணைக்கு அனுப்பினேன்” என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா பாவம், மனசு ஒடிஞ்சு போயிடுவார்.”