மாமா தாண்டவிட்ட சீன்கள்

தல்லாகுளம் கம்ப்யூட்டர் கடையில் ஒரு மலிவான ஒயர்லெஸ் மவுஸ் வாங்க நல்லகாமன் எடுத்துக்கொண்ட நேரத்தில், ஒரு சோடி உழவு மாடு பார்த்து, பல்லைப் பிடித்து, விலை பேசி ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

மவுஸைத் தொடையில் வைத்து உருட்டினார். வேட்டியில் வழுக்கியது. சட்டையைத் தூக்கி வயிற்றில் வைத்து உருட்டினார். கம்ப்யூட்டரில் அம்பு ஜம்மென்று ஓடியது.

"இதான் தோது" என்றவர், மவுஸோடு கடையை விட்டு இறங்கினார். பைக்குகள் நிற்கும் இடத்தில் நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டே, ஓடுதா ஓடுதா என்று உள்ளே பார்த்துக் கேட்டார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் தள்ளி நின்றுகொண்டார்கள்.

கூட வந்திருந்த மருமகள் அஸ்வினி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவர் யாரோ நான் யாரோ என்பது போல நின்றாள்.

இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார்.

"சோபாவுல இருந்துக்கிட்டே படத்தைத் தாண்டவிடணும் தம்பி. டக்குனு தாண்டணும்."

நடுவில் இருக்கிற சக்கரத்தை உருட்டினால் படம் தாவும்படி செய்துகொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்ல, அவர் முகம் மலர்ந்தது.

அஸ்வினிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனையூர் வீட்டில் அவள் புருஷன் சூரியபிரகாஷ் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்ததிலிருந்து, சாயங்காலம் அவன் வாடகை டிவிடி ஒன்றைப் போட, வீடே உட்கார்ந்து படம் பார்க்கும். குழந்தை பிறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தப் படம் ஒன்றுதான்.

மவுஸ் வந்த அன்றே அதற்கும் வினை வந்தது.

படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா திடீரென்று சோபாவில் நிமிர்ந்து, வயிற்றில் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினார். படம் எகிறிப் போய் வேறெங்கோ விழுந்தது.

என்னப்பா என்றான் சூரியபிரகாஷ்.

"அசிங்கமான சீன்."

மாமனார் வாயால் அப்படிச் சொன்ன பிறகு, அது எப்படிப்பட்ட அசிங்கம் என்று மருமகள் கேட்க முடியுமா? அஸ்வினி தலையைக் குனிந்துகொண்டாள்.

தினமும் இதே கூத்துதான். கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருப்பார்கள், ஒரு தாவு, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சில நாள் பதற்றத்தில் கூடுதலாக உருட்டி, 'வணக்கம்' போட்டுப் படமே முடிந்துவிடும். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, நல்ல படம் என்று எழுந்து போவார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்து கட்டிப்பிடித்து ஆடும் பாட்டு வந்தால் மட்டும் மவுஸ் அசைவதே இல்லை. போதாததற்கு, சூரியபிரகாஷ் ராத்திரி டிவிடி கொண்டுவந்து வைத்தால், மறுநாள் மத்தியானமே, கதவைச் சாத்திக்கொண்டு, மாமா தனியாக முழுப்படத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறார் என்பதையும் அஸ்வினி கண்டுபிடித்தாள். சாயங்காலம் வீட்டோடு சேர்ந்து பார்க்கும்போது புதுசாகப் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார்.

"அவருக்கு மட்டும் முழுசு, நமக்கு மிச்சம் மீதி" என்றாள் புருஷனிடம். "கான்வென்ட்ல படிச்சவ, கெட்டுப்போயிருவான்னு நெனைக்கிறாரா? எனக்கு இந்த வீடு ஒத்துவராதுங்க."

"ஒரு மவுஸுக்காகவா தனிக்குடித்தனம் கேக்குற?"

"ஆமா."

அவன் தலையைச் சொறிந்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை மாமா ஒரு கேதத்துக்கு, துக்கம் கேட்கத் திருவாதவூர் போனார். சோபாவில் மவுஸ் அநாதையாகக் கிடந்தது. பேசுவதற்கு முன் ஆதாரம் வேண்டாமா? அஸ்வினி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முந்தின நாள் படத்தை ஓடவிட்டாள். மாமா தாண்டின இடம் வந்ததும், வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கதாநாயகி வரவில்லை. கதாநாயகனும் வரவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் ஒரு பச்சைக் குழந்தை. மூக்கில் குழாய்.

திருப்பிக் கொடுக்காமல் கிடந்த மற்ற இரண்டு டிவிடிகளையும் போட்டாள். ஒன்றில் தாண்டின இடத்தில், தவழ்கிற பிள்ளை ஒன்று கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு வலிப்பு.

அஸ்வினியின் கை மவுஸை விட்டுவிட்டது. மடியில் தூங்கும் குழந்தையின் மூக்குக்கு நேரே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். எடுத்தாள். திரும்பவும் வைத்தாள்.

கொல்லையிலிருந்து வந்த மாமியார் மாயக்காள் டிவியைப் பார்த்தாள், மருமகளின் விரலைப் பார்த்தாள். மவுஸைப் பிடுங்கி, எதை அமுக்குவது என்று தெரியாமல், போய் ஸ்விட்சையே அணைத்தாள்.

"ஏன்டி ஆத்தா, அந்த மனுசன் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்து, எங்கெங்க புள்ளைக்கு ஆகாம வருதுன்னு பாத்துப் பாத்து வச்சதை இப்படிப் பாழாக்கிட்டியே? டிவியில ஒரு புள்ள தும்முனாக்கூட நீ ராவெல்லாம் தொட்டிலுக்குள்ள விரலை வச்சுக்கிட்டுல உக்காந்திருக்க."

அஸ்வினி விரலை எடுத்துக்கொண்டாள். "அதுக்கு, அசிங்கம்னு ஏன் அத்தை சொல்லணும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'பயந்துக்குற சீனுன்னு சொன்னா, என்னா ஏதுன்னு கேட்டுக் கேட்டே இன்னும் பயந்துருவா. அசிங்கம்னு சொல்லிட்டா, மருமக மாமன்ட்ட ஒத்தக் கேள்வி கேப்பாளா'ன்னாரு."