தொடக்கூடாத பேட்டரி

"எஞ்சின் பேட்டரிய மட்டும் கேக்காதீங்க டாக்டரம்மா. குடுக்க மாட்டேன்."

டிரைவர் அருணகிரி அதோடு நிறுத்தவில்லை. வண்டியின் முன்பக்கத்தை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒரு குழந்தையோட உயிர், அருணகிரி!" டாக்டர் காந்தா கெஞ்சினார்.

"தெரியுதுங்க. ஆனா வண்டி கெளம்பலன்னா? தாயையும் புள்ளையையும் நீங்க தூக்கினு மலை எறங்குவீங்களா?"

அது ஒரு தர்ம ஸ்தாபனத்தின் மருத்துவ வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, மருந்து அலமாரி எல்லாம் உண்டு. ஜவ்வாது மலையில் கரண்ட் எட்டிப் பார்க்காத ஊராகப் பார்த்துப் போய்த் தங்கும். அதில் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே இருக்கும் விளக்குக்கும் ஃபேனுக்கும். இன்னொன்று எஞ்சினைக் கிளப்ப.

இந்தத் தடவை வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆலங்காயம் இறங்கும் பாதையில் பாறை சரிந்து வழியை அடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்த ஊர் ரங்கனின் மனைவி செல்லிக்கு, மாதம் நிறையும் முன்பே பிரசவம். பெண் குழந்தை. உடம்பு ஜில்லிட்டுக்கொண்டே போனது. தாய்க்கோ கடும் காய்ச்சல், பிள்ளையை அணைத்துக்கொள்ளவும் தெம்பில்லை.

காந்தா ஒரு அட்டைப்பெட்டியில் பஞ்சைப் பரப்பிக் குழந்தையைப் படுக்க வைத்தார். மேலே, உள் பேட்டரியில் இணைத்த ஒரு ஹெட்லைட் பல்பைத் தொங்கவிட்டார். அந்தச் சூட்டில் குழந்தையின் கைகால் மெல்லச் சிவந்தது. பல்பு எரிகிற வரை குழந்தை. அவ்வளவுதான் விஷயம்.

எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றலாம் என்றால், மலை இறங்கத்தான் டீசல் இருந்தது.

அன்றிலிருந்து அருணகிரியின் ராஜ்ஜியம். ஃபேன் கிடையாது. ரேடியோ கிடையாது. டாக்டரே ஆனாலும் சிம்னி விளக்கில்தான் ஊசி போட வேண்டும். போதாததற்கு, கொட்டுகிற மழையில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ள வைத்து, சரிவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். கேட்டால், "அங்க தண்ணி தேங்குது" என்றார்.

குழந்தையை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை மனுஷன். ஆனால் பேட்டரி ஆசிட்டைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, சார்ஜ் குறைந்து உள்ளே மிதப்பது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க மட்டும் ஓடி ஓடி வந்தார். பெற்ற பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிறவர்கூட அப்படிப் பார்க்கமாட்டார்.

மறுநாள் காலை பல்பு மங்கியது. காந்தா அலறிய அலறலில் அருணகிரி வண்டிக்கு அடியில் புகுந்து ஏதோ குடைந்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஒயர்ல துரு. வேற ஒண்ணும் இல்ல" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

மறுபடியும் மங்கினால்? அந்தப் பயத்தில்தான் காந்தா எஞ்சின் பேட்டரியைக் கேட்டார். அதற்குத்தான் 'குடுக்க மாட்டேன்' என்ற அந்தப் பதில்.

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டேவிட்டார் காந்தா.

ஊர் சும்மா இருக்குமா? "இன்னா மனுசன்யா! என் புள்ளய விட அந்தப் பொட்டி ஒசத்தியா பூட்ச்சா இவருக்கு?" என்று ரங்கன் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். அதுவரை அருணகிரிக்குச் சாமைக்களி கொண்டுவந்து கொடுத்த பாஞ்சாலை, அன்றைக்கு அவரைத் தாண்டிப் போய் டாக்டருக்கு மட்டும் கொடுத்தாள். அவர் குழாயை எடுத்துக்கொண்டு பேட்டரி பார்க்கப் போனார்.

கோபத்தை ரங்கன் பாறைமேல் காட்டினான். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் கடப்பாரையோடு அவன் பின்னால் போனார்கள். அதற்கடுத்த நாள் காலை ஓடி வந்தான்.

"வழி உட்டாச்சி! வண்டி போவும்!"

பல்பு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. காந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா அருணகிரி? உங்க எஞ்சின் பேட்டரி இல்லாமலே இவ பிழைச்சிட்டா! இப்பவாவது வண்டியைக் கிளப்புவீங்களா?"

"கெளப்பிடலாங்க" என்றார் அருணகிரி. பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வந்து ஒரு கை குடுங்கப்பா. தள்ளணும்."

"தள்ளணுமா? எதுக்கு? கட்டிக் காத்தீங்களே, அந்த பேட்டரி என்ன ஆச்சு?"

அருணகிரி வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். திட்டிக்கொண்டேதான் தள்ளினான் ரங்கன். வண்டி அசைந்தது. சரிவில் உருண்டது. வேகம் பிடித்ததும் ஒரு குலுக்கல், கரும்புகை, அப்புறம் மலையே அதிரும்படி ஓர் உறுமல்!

ஊரே ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் அதுவரை பூனைக்குட்டிபோல முனகிக்கொண்டிருந்த குழந்தை, முதல்முறையாக வீறிட்டு அழுதது. செல்லி சிரித்தாள். எஞ்சின் ஓடும் தெம்பில் பல்பும் பிரகாசமாக எரிந்தது.

காந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அருணகிரி?"

"ரெண்டுமே காலியாவுதுன்னு தெரிஞ்சா, ஊசி போடற உங்க கை நடுங்கிடும். ஒண்ணு பத்திரமா இருக்குன்னு நெனைச்சாதான தைரியமா வைத்தியம் பார்ப்பீங்க?"

"அதுக்காக, நான் அத்தனை கெஞ்சினப்போ தரமாட்டேன்னு..."

"தர்றதுக்கு இன்னா இருந்துச்சிங்க? நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே, கொழந்த தலைக்கு மேல அதுதான எரிஞ்சிகினு இருந்துச்சி!"