முதல் குவளை

மலையடிவாரத்தில் மாடத்தி என்ற மரநாய், முந்திரிப்பழச் சாற்றைக் காய்ச்சி வடிக்கச் சின்னதாக ஒரு சாராய ஆலை தொடங்கியது. அதற்குத் தண்ணீர் தந்தது, ஓடைக்குச் சொந்தக்காரரான யானை.

முதல் வடிப்பன்று யானையும் வந்து நின்றது. செம்புக் குழாயில் சாராயம் சொட்டத் தொடங்கியதும் துதிக்கையை நீட்டியது.

"முதல் குவளை எனக்குத்தானே, மாடத்தி?"

"முதலில் வருவது விஷம், ஐயா. கண்ணைப் பறித்துவிடும்" என்று மாடத்தி அதைக் குழியில் கொட்டியது.

யானை கோபத்தில் காதை விரித்தது. "என் தண்ணீரில் காய்ச்சியதை என் எதிரிலேயே கொட்டுகிறாயா? நாளையிலிருந்து ஓடைப் பக்கமே வராதே!"

"வரவில்லை, ஐயா. ஆனால் இதை உங்களுக்குத் தர மாட்டேன்."

அடுத்த குவளையையும் முகர்ந்து பார்த்துவிட்டு மாடத்தி கொட்டியது.

வெயில் ஏறியது. நெடி போய்ப் பழமணம் வந்த பிறகுதான் மாடத்தி ஒரு குவளையைக் கொட்டாமல் வைத்தது. அதையும் முதலில் தானே குடித்துவிட்டு, வெகுநேரம் பொறுத்து, எதிர்மலையைப் பார்த்தது.

"அந்தப் பாறையில் ஐந்து காக்கைகள். ஒன்று நொண்டி. கண் நன்றாகத் தெரிகிறது, ஐயா. இனி நீங்கள் குடிக்கலாம்."

அதுவரை நகராமல் நின்றிருந்த யானை குவளையைத் தொடவில்லை. "முதலில் உனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், சொல்லம்மா" என்றது.