தேடப்படுகிறவன்

"கையைத் தூக்கு!" என்று பர்மியில் அதட்டி, மரத் துப்பாக்கியை நீட்டினேன்.

வாசலில் வந்த குடும்பம் மொத்தமும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியது. தாமுவேயில் இருக்கிற இந்தக் கௌபாய் ஹோட்டலில் இதுதான் என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் தாங்காது. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதில் தொப்பி, தோல் அங்கி, முள் வைத்த பூட்ஸ். தலையெழுத்து! தாகேதாவிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன் நான். குதிரையின் முதுகைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் பிள்ளைகளிடம் அளந்துவிடுவேன். பாலைவனத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் குதிரை ஓட்டினேன், கள்ளியைப் பிழிந்து குடித்தேன், பாம்பைச் சுட்டுத் தின்றேன் என்பேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

சுவர் முழுக்கச் சிவந்த பாறையும் கள்ளியுமாகப் பாலைவனம் வரைந்திருக்கிறார்கள். அதன் முன்னால் ஆள் உயரப் பலகை, நடுவில் முகம் வைக்க ஓர் ஓட்டை. மேலே 'தேடப்படுகிறவன்' என்றும் கீழே 'உயிரோடோ பிணமாகவோ' என்றும் இங்கிலீஷில் எழுதியிருக்கும். வருகிறவர்கள் அதில் முகத்தை வைத்து இளிப்பார்கள். நான் படம் பிடித்து அங்கேயே அச்செடுத்துக் கொடுப்பேன்.

நிஜமாகத் தேடப்படுகிற ஒருவனைப் பெற்றவன் நான் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

மகன் காட்டுக்குப் போய், பட்டாளத்துக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்படிப் போன பிள்ளைகளின் வீடுகளுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றத் தகப்பன்மார் செய்ததையே நானும் செய்தேன். 'இவன் எங்கள் மகன் இல்லை, இவன் செய்வதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தேன்.

வீடு தப்பியது. என் மனைவி சத்யபாமா அன்றிலிருந்து என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பாள், ஏதாவது சேதி உண்டா என்று.

என்ன சேதி வரும்? போனில் பேசினால் மாட்டிக்கொள்வோம். வீட்டுக்குப் புது ஆள் வந்தால் வார்டு ஆபீஸ்காரன் விடிவதற்குள் வந்து நிற்பான். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பட வரிசையில் அடுத்து ஒரு பெண் நின்றாள். கன்னத்தில் தனக்காச் சந்தனப் பூச்சு, இடுப்பில் ஒரு வயதுகூட நிரம்பாத பையன். சாப்பிட வந்தவளாகத் தெரியவில்லை. பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, புள்ளைய ஒரு படம் புடிச்சுக் குடுங்க" என்றாள் தமிழில், மெதுவாக.

பையனைத் தூக்கி ஓட்டையில் காட்டினாள். சின்ன முகம், காதும் சேர்ந்தே தெரிந்தது. கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன். வலது காதின் ஓரத்தில் குண்டூசி குத்தியது போல ஒரு பிறவித் துளை.

என் அப்பாவுக்கு அது இருந்தது. எனக்கு இருக்கிறது. என் மகனுக்கும் உண்டு.

அட முருகா! எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. பயல் கல்யாணம் கட்டியிருக்கிறான். பிள்ளையும் பெற்றிருக்கிறான். நான் பேப்பரில் போட்டதை மனதில் வைத்துக்கொள்ளாமல், அப்பாவிடம் காட்டிவிட்டு வா என்று பெண்டாட்டியை அனுப்பியிருக்கிறான், கள்ளப் பயல்! பேரனை வாரி எடுத்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. ஓரடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தேன். வாரா வாரம் மகளோடு வருகிற பட்டாளத்து அதிகாரி. மாற்றுடையில்தான் வருவார். கூட வருகிற ஆளின் இடுப்பில் இருப்பது மரத் துப்பாக்கி இல்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவளும் நான் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்து, உதட்டை மூடிக்கொண்டாள்.

அதிகாரி அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். குனிந்து பையனின் கன்னத்தைத் தட்டி, இவன் பெயர் என்ன என்று அவளிடம் கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"தேவராஜ்."

அது என் மகனின் பெயர்.

எங்கள் சனத்தில், உயிரோடு இருக்கிற தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். போய்ச் சேர்ந்தவன் பெயரைத்தான் வைப்பார்கள். அவளும் எங்கள் சனம்தான். தெரியாமல் வைத்திருக்க மாட்டாள்.

"சிரிக்க வைங்க ஊலே" என்றார் அதிகாரி. பெரியவர்களை அப்படி மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

நான் நாக்கைச் சுழற்றிக் குதிரை ஓடுகிற சத்தம் போட்டேன். பையன் ஈறு தெரியச் சிரித்தான். படம் பிடித்தேன்.

அச்சு வந்ததும் அவளிடம் நீட்டினேன். எப்போது, எங்கே, கொள்ளி வைத்தது யார்? எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. மகன் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் எந்த வாயால் கேட்பது? அவள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். அதிகாரியின் மகள் ஓட்டையில் முகத்தை வைத்தாள். அவளையும் சிரிக்க வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் சத்யபாமா கேட்பாள். நமக்குப் பேரன் பிறந்திருக்கிறான், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்ப்பாள்.

பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பாள்.