கேலக்ஸிக் குத்து

குழாயின் முனை நேராகப் பேபி அக்கா வீட்டு வாசலைப் பார்த்து நின்றது.

பேபி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பள்ளிக்கூடத்து மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா வெல்டரே, பீரங்கியா வைக்கிற? எங்க வூட்ட எதுக்குக் குறி பாக்குது?"

"பீரங்கி இல்லக்கா. கேலக்ஸி," என்றான் ஏசுபாதம்.

திருமுடிவாக்கம் பட்டறையில் அவன் கையாலேயே செய்தது. ஆளுயரத் தகரத் தட்டு, அதன்மேல் சுருள் சுருளாக இரும்புப் பட்டை. வண்டிச் சக்கரம் மாதிரி செங்குத்தாக நிற்கும். சக்கரத்துக்கு அச்சு மாதிரி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீள நீளமாகக் குழாய். நடுவில் இருக்கிற கருந்துளை அந்த வழியாகத்தான் ரேடியோ தாரையைப் பீய்ச்சுகிறதாம்.

நம்முடைய பால்வெளியைவிடப் பெரிய கேலக்ஸியாம். சுருள் கேலக்ஸிக்கு இவ்வளவு பலமான தாரை சாதாரணமாக வராதாம். இதற்கு வந்திருக்கிறதாம்.

எல்லாம் அவன் மகள் ஜெரூஷா சொன்னது. சாயங்காலம் அறிவியல் விழாவில் மேடையேறிச் சொல்லப்போவதும் அவள்தான். ஒரு மாதமாக வீட்டில் சோறு தின்னும்போதும் இதே பேச்சு.

தெரு வந்து வாசலில் முட்டினாலே குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். இது வானத்திலிருந்து வந்து முட்டுகிறது.

"நாங்க ஜெபம் பண்ற குடும்பம்," என்றாள் பேபி அக்கா. "தெருக்குத்து, சந்துக்குத்து எதையும் நம்ப மாட்டோம். ஆனா ஞாயித்துக்கெழம எங்க ரேஷ்மாவப் பொண்ணு பாக்க வராங்க. கொஞ்சம் திருப்பிடு."

திருப்பினான்.

ஜாபர் பாயின் ஹார்டுவேர் கடை ஷட்டருக்கு நேராக வந்தது.

"நமக்கு இதெல்லாம் கெடையாதுப்பா," என்றார் ஜாபர் பாய். "ஆனா கடைக்கு வர்றவங்களுக்கு இருக்கே."

இன்னும் கொஞ்சம் திருப்பினான். சர்ச்சுக்கு நேராக வந்தது. பாஸ்டர் சிரித்த முகமாக வெளியே வந்து மூடநம்பிக்கையை எதிர்த்து நன்றாகப் பேசினார். சர்ச்சுக்கு மட்டும் வேண்டாம் என்று முடித்தார்.

இந்த முனையைத் திருப்பினால் அந்த முனை வேறொரு வீட்டில் போய் நின்றது. கேலக்ஸியையே மல்லாத்திப் பார்த்தான். மேல்முனை வானத்தைக் குத்தியது. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கீழ்முனைக்கு நேர் கீழே தலைமையாசிரியை அறை.

தலைமையாசிரியை கிறிஸ்டினா மிஸ் மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார். பின்னாலேயே பேபி அக்கா, ஜாபர் பாய், பாஸ்டர் எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணா, பேசாம ரெண்டு குழாயையும் அறுத்துடுங்க. தட்டு மட்டும் போதும். அதுவே அழகாத்தான் இருக்கு."

குழாய் இல்லையென்றால் அது வெறும் சுருள். அந்த மாதிரி வானத்தில் கோடி கிடக்கிறது. ஜெரூஷா எதைக் கை காட்டிப் பேசுவாள்?

கீழே நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஜெரூஷா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் குடுங்க மிஸ்."

மொட்டைமாடியை ஒரு சுற்று சுற்றி வந்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாசல். பிளாட் போட்டவர்கள் முடிச்சூரில் காலி இடம் என்று ஒன்றை விட்டுவைக்கவில்லை.

பின்பக்கத்து மூலையில் நின்றான். ரொம்ப நேரம் நின்றான். பிறகு நட்டைத் தளர்த்தித் திருப்பினான்.

ஒரு முனை ஆற்றைப் பார்த்தது.

"ஆத்தக் குத்தட்டும்," என்றாள் பேபி அக்கா. "வெள்ளத்தப்போ அது நம்மள இன்னா குத்து குத்திச்சு."

மறுமுனை தூரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு வீட்டைப் பார்த்தது.

"அது யாரு வூடு?"

"யாரோ வாடகைக்குக் கீறாங்க. ஓனர் ஊர்ல இல்ல," என்றான் ஏசுபாதம்.

"அப்ப கேக்க ஆளில்ல. போடு."

ஜாபர் பாய் தலையாட்டினார். பாஸ்டர் ஸ்தோத்திரம் சொன்னார். ஏசுபாதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இனிமேல் யார் தள்ளினாலும் அசையாதபடி சுற்றிலும் பத்தவைத்தான்.

ஜெரூஷா பேசினாள். மாடியைக் கை காட்டினாள். கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

இத்தனை பலமான தாரை பாய்ந்தும் இந்தச் சுருள் கலையவில்லை, ஏன் கலையவில்லை என்பது இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று அவள் முடித்தபோது, முதலில் கை தட்டியது பேபி அக்காதான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஜெரூஷா பரிசுக் கோப்பையோடு தோழிகளுடன் போய்விட்டிருந்தாள்.

அவன் மனைவி ஷீலா அப்போதுதான் பக்கத்து அடுக்குமாடியில் துடைத்துப் பெருக்கிவிட்டுத் திரும்பியிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீவிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள். ஜாபர் பாய் சொன்னதற்கு மட்டும் சிரித்தாள்.

"கடைசில யாரு தலைல கட்டின?"

"யாரோ வாடகைக்குக் கீறவங்க."

"பாவம். அவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

ஏசுபாதம் நிமிர்ந்து பார்த்தான். பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபோது அவ்வளவு நீளமாகத் தெரிந்த குழாய், இங்கிருந்து நீளமே இல்லாமல், வெள்ளி பெயிண்ட் அடித்த ஒரு வட்டமாக மட்டும் தெரிந்தது. ஷீலா அதற்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

"கொஞ்சம் இந்தாண்ட தள்ளிக் குந்து," என்றான்.