கண்ணாடியில் விழாதவர்

நாற்பது வருடம் ரத்தக் காட்டேரியாகவே நடித்த எலாடியோவை, முதன்முறையாக ஒரு பெரிய ஸ்பானியப் படத்தில் முகம் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஒப்பனை கிடையாது, கோரைப்பல் கிடையாது. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, “ஓரத்துல மட்டும் வெட்டுப்பா” என்று சொன்னால் போதும். ஆனால் கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் உடம்பு தானாக இடப்பக்கம் சரிந்து கண்ணாடியை விட்டு விலகியது. காட்டேரிக்குப் பிம்பம் விழக் கூடாது. அந்த மலிவான படங்களில் தந்திரக் காட்சி எடுக்க வசதியில்லாததால், கண்ணாடியில் படாமல் நிற்க அவரே பழகியிருந்தார்.

“ஐயா, நீங்க கண்ணாடியில தெரியணும்,” என்றார் இளம் இயக்குநர், மூன்றாவது முறையாக.

“தெரியுறேன் தம்பி.” நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்தார். கண்ணாடியில் யாரோ ஒரு கிழவர் தெரிந்தார். ஷாட் ஓகே ஆனது.

படம் வெளியான அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது ரசிகன் ஒருவன், கறுப்பு அங்கியும் பிளாஸ்டிக் கோரைப்பல்லுமாகக் கைதட்டத் தயாராக இருந்தான். முடிதிருத்தும் கடை வந்தது. நான்கு விநாடியில் போனது. அவன் கை அசையவில்லை. வெகுநேரம் கழித்துப் பல்லைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தான்.

“பெரியவரே, எலாடியோ இதுல வர்றார்னு சொன்னாங்களே, எப்ப வருவார்?”

திரையின் வெளிச்சம் முகத்தில் படாதபடி அவர் இடப்பக்கம் சரிந்துகொண்டார்.

“இனிமேதான்.”

அவன் பல்லைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.