முப்பத்தேழு டிகிரி

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

இன்றும் உயிரோடுதான் இருந்தது.

மீன்குஞ்சுக் கூட்டம்போல செல்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தன. போன செவ்வாய் திட்டுத்திட்டாகக் கிடந்தவை இப்போது குடுவையின் அடி முழுக்கப் பரவியிருந்தன.

வயிற்றில் தங்காதது கண்ணாடியில் தங்கிவிட்டது. என்ன திமிர் பார் அதற்கு.

நாலு முறை கலைந்திருக்கிறது. ஃபைலில் பெரிய டாக்டர் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். தெரியாததற்கு எதற்கு அடிக்கோடு?

எப்படித் தெரியும்? முதல் மூன்று முறையும் ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த சதையைப் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். அதில் விழுந்த சதை அப்போதே செத்துவிடும். செத்ததிடம் என்னத்தைக் கேட்பது.

இந்த முறை மயக்க மருந்து ஏறும் வரை அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம். உப்புத் தண்ணீர். நர்ஸ் சரி சரி என்று சிரித்தாள். சொன்னபடி போட்டும்விட்டாள்.

கலைந்த கருவின் சதையை இந்த லேப்பில் வளர்க்கிறார்கள். வளர்ந்தால்தான் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க முடியுமாம். இளஞ்சிவப்புத் திரவத்தில், பூட்டிய பெட்டிக்குள், முப்பத்தேழு டிகிரியில். நம் உடம்புச் சூடுதான் அது என்று லேப் டெக்னீஷியன் ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. ஆனாலும் முதல் செவ்வாய் இவள் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்து ஜெசிந்தா கதவைத் திறந்துவிட்டாள். இது மூன்றாவது செவ்வாய்.

பெட்டியின் கதவில் ஒரு தடவை கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டில் சொல்லாதது ஒன்று உண்டு.

குமட்டல் நிற்கவில்லை.

முன்பு மூன்று முறையும் முதலில் நின்றது அதுதான். ஒருநாள் காலையில் பல் துலக்குவாள், வாந்தி வராது, புரிந்துவிடும். ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த முறை ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லி, சுத்தம் செய்தெடுத்து, பதினெட்டு நாளாகிறது. இன்று காலையும் வாந்தி எடுத்தாள். சந்தோஷமாக எடுத்தாள்.

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள். எண்ணியாயிற்றாம். இருக்க வேண்டிய நாற்பத்தாறும் இருக்கிறதாம். ஒரு குறையும் இல்லை. பெண்.

பெண்.



ஜெசிந்தா இன்னும் முடிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். இவளுடைய ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். இரண்டும் ஒன்றாகவே இருந்ததாம். எடுக்கும்போது சில சமயம் தாயின் சதையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம்.

“குழந்தையோடது வளரவே இல்லக்கா. வளந்ததெல்லாம் நீங்கதான். நீங்களே மொத்த எடத்தையும் எடுத்துக்கிட்டீங்க.”

அவள் திரும்பவும் கண்ணை வைத்தாள்.

எல்லாம் இவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தன.

இனி இதை வைத்திருந்து பிரயோஜனமில்லை என்றாள் ஜெசிந்தா. குடுவையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிளீச்சிங் வாடை வந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. கணவன். காலையிலிருந்து ஐந்தாவது தடவை.

ரிசல்ட் என்ன என்று கேட்டான். பெண் என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று தெரிந்தது.

“யாரு மாதிரி இருந்திருப்பா?”

“அச்சு அசல் என்னைய மாதிரி.”

தொட்டியில் இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீர் நிறமாகிக்கொண்டிருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். இன்னொரு முறை விழுங்கினாள்.

குமட்டல் நின்றிருந்தது.